ஏழாவது உள்ளீடு

முதலில் பெயர் வைக்க வேண்டும்.
பெயரில்லாத கம்பி வெறும் எண்.
நான் எழுதிக்கொண்டே போகிறேன்:
கால்மிதி அழுந்தியது.
குழாய் வந்து முட்டியது.
உள்தண்டு பின்னுக்குப் போய்விட்டது.
கவ்வி மூடியது.
இயந்திரத்துக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்,
பதினாறு வாக்கியங்கள்.
இருபத்துநாலு வோல்ட் என்றால் ஆம்.
இல்லாவிட்டால் இல்லை.

வெளியீடுகளுக்குப் பேச்சு குறைவு:
மூடு. தள்ளு. வளை. விடு.
வளை என்பதில் மட்டும் கொஞ்சம் தந்திரம்.
தொண்ணூறு டிகிரி வேண்டுமென்றால்
தொண்ணூற்றிரண்டு கேட்க வேண்டும்,
எஃகு இரண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

அவசர நிறுத்தப் பொத்தானுக்கு
எல்லாவற்றையும் தலைகீழாக எழுதுவோம்.
நலம், நலம், நலம் என்று
அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.
எலி கடித்தாலும்
லாரி இடித்துக் கம்பி அறுந்தாலும்
எலக்ட்ரீஷியன் ரிஃப்கி ஒரு திருகை முடுக்க மறந்தாலும்
வருவது ஒரே மௌனம்.
மௌனம் சம்மதம் என்பது
கல்யாண வீட்டோடு போகட்டும்.
இங்கே மௌனம் என்றால் நில்.

புர்சாவில் ஜனவரி.
உலுதா மலை மூன்று நாளாகக் காணோம், மேகம்.
கார் இருக்கைக்குச் சட்டம் செய்கிற கூடம்,
உள்ளே வெந்த எண்ணெய் வாடை.
என்னை வரவழைத்தது பதினொரு குழாய்கள்:
கவ்விக்குள் வழுக்கி
முழங்கை மடிப்பில் சுருங்கிய சட்டைபோல.
மென்பொருளில் பிழை என்றார்கள்.
எப்போதும் அதைத்தான் சொல்வார்கள்,
மென்பொருள் எதிர்த்துப் பேசாது.

உள்ளீடுகளின் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு
முக்காலியில் உட்கார்ந்தேன்.
பச்சைப் புள்ளிகள் எரிந்தன, அணைந்தன,
ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு முறை.
ஏழு மட்டும் அணையவில்லை.
கண்ணெதிரே கவ்வி வாயைப் பிளந்து நிற்கிறது.
ஏழு சொல்கிறது: மூடியது.
மறுபடி பார்த்தேன்.
மூடியது.

டார்ச் அடித்துக் குனிந்தேன்.
சென்சாரின் முகத்துக்கு நேரே ஒரு வாஷர்,
கறுப்பு டேப்பால் நாலு சுற்று,
அக்கறையான கட்டு.
அது பொய் சொல்லவில்லை, பாவம்.
எதிரே இரும்பு இருக்கிறதா என்றுதான் கேட்டிருந்தோம்.
இருந்தது.

சஃபெத் மறுக்கவில்லை.
"எண்ணெய் தெறித்தால் அதற்குக் கண் தெரியாது, முஜ்கான் ஹனும்.
துடைக்க நாலு நிமிடம்.
ஒரு ஷிப்டுக்கு முன்னூற்று நாற்பது குழாய்.
நாலு நிமிடத்தை எழுத
அந்தப் பலகையில் கட்டம் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்."
பார்த்தேன்.
இல்லை.

தேநீர் வந்தது. அவன் மூன்று கட்டி சர்க்கரை போட்டுக்கொண்டான்.
யாரும் எதுவும் பேசவில்லை.
எல்லாவற்றையும் பட்டியலில் எழுதியிருந்தேன்,
எண்ணெயை எழுதவில்லை.

மாலையில் ரிஃப்கி சென்சாரை
ஒரு சாண் தள்ளி மேலே மாட்டினான்.
நான் நிரலில் ஆறு வரி சேர்த்தேன்:
ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவில்
ஏழு ஒரு முறையாவது இல்லை என்று சொல்ல வேண்டும்.
சொல்லாவிட்டால் அதன் ஆமுக்கு மதிப்பில்லை.

எச்சரிக்கை வாசகத்துக்கு முப்பத்திரண்டு எழுத்துத்தான் இடம்.
"உள்ளீடு ஏழு நிலை மாறவில்லை" என்று அடித்தேன்.
தோளுக்குப் பின்னால் நின்று படித்த சஃபெத்
நாக்கைச் சப்புக்கொட்டினான்.
"ராத்திரி மூன்று மணிக்கு இது எவனுக்குப் புரியும்?"
விசைப்பலகையை இழுத்தான்.
கையுறையைக் கழற்றவில்லை,
ஒற்றை விரலால், தேடித் தேடி:

டேப் ஒட்டிருகா பாரு

ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.
திருத்தவில்லை.
சேமித்தேன்.