ஒன்று இருபது

நான் வாடகைக்கு விடுவது ஒரு மரப்பெட்டி.
உள்ளே நாற்காலி, வாளி,
லென்ஸ் நீட்ட ஒரு துளை.
கூசமோவில் டிசம்பர்ச் சூரியன்
பதினொன்றரைக்குப் பைன் மரங்களைத் தாண்டி
ஒரு மணிக்கெல்லாம் கடையைச் சாத்திவிடும்.

இருட்டோடு இருட்டாக ஏலிஸ் உள்ளே போனான்.
லாரியில் அடிபட்ட நரியைப்
பனியில் கிடத்தினேன்.
விளக்கு வைக்கலாமா என்று முந்தின நாள் கேட்டிருந்தான்.
கழுகிடம் யார் சொல்வது என்றேன்.

பத்துக்கு ஓர் அண்டங்காக்கை.
பிறகு
இன்னோர் அண்டங்காக்கை.
வெயில் வந்தது,
நரியின் வால்மேல் மட்டும் சற்று உட்கார்ந்தது,
எழுந்து போய்விட்டது.

ஒன்று இருபதுக்கு இறங்கியதாம் பொன்கழுகு,
இரையைச் சிறகால் போர்த்திக்கொண்டு.
ஷட்டர் வேகம் எட்டில் ஒரு பங்கு நொடி.
அவன் காட்டிய படத்தில் நீலமாய் ஒரு கலங்கல்;
கண் இருக்கவேண்டிய இடத்தில்
கண் இல்லை.

'அப்புறம் கேமராவை அணைத்துவிட்டேன்.
எலும்பு முறிவது எனக்குக் கேட்டது.
நான் எச்சில் விழுங்கியது அதற்குக் கேட்டது.
தலை திருப்பியது.
பிறகு தின்றது.'

பாதிப் பணத்தைத் திருப்பி நீட்டினேன்.
வாங்கவில்லை.
வாளியை எடுத்துக்கொண்டு
கழுவப் போனான்,
நாளைக்கும் தனக்குத்தான் பெட்டி என்பதுபோல.