அறுபத்திரண்டு காசு

இரவு ஷிப்ட் முடிந்து
தொழிற்சாலை பஸ் சுங்கை நிபோங்கில் இறக்கிவிடும்போது
அங்கே இன்னும் நேற்று.
வாக்குச்சாவடிகள் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.
ரொட்டிக் கடையில் பூன் கியாட்
போனைச் சீனி டப்பாவில் சாய்த்துவிட்டு
எனக்கும் சேர்த்துக் கோப்பி ஓ சொல்லியிருக்கிறான்.

கவர்னர் தேர்தல்.
நாங்கள் இருவரும் போகாத, போகப்போகாத மாநிலம்.
வரைபடத்தில் ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும்.
டிராக்டர் விற்றவன் ஒருவன்,
நீதிபதியாய் இருந்தவள் ஒருத்தி.
அவள் விலை அறுபத்திரண்டு காசு.
ஜெயித்தால் நூறு. தோற்றால் சைபர்.
என்னிடம் அவள் ஐந்நூறு பங்கு இருக்கிறாள்.

நம்பர் எடுக்கிற மாதிரியா என்று கேட்டாள் என் தங்கை.
இல்லைடி. நம்பருக்குச் செத்தவர் கனவில் வரவேண்டும்,
மோதின காரின் பிளேட்டை எட்டிப் பார்க்கவேண்டும்.
இதற்குப் படிக்கவேண்டும்:
தபால் ஓட்டு எவ்வளவு, ஏரிக்கரைப் பக்கம் மழையா,
போன தடவை கருத்துக்கணிப்பு எந்தப் பக்கம் சாய்ந்து பொய்த்தது.
மூன்று மாதம் படித்தேன்.
அந்த ஊர் மாவட்டங்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன்.

விழுக்காடு எனக்குப் புதிதில்லை.
பதினோரு வருஷமாய் பாயான் லெப்பாஸில்
நுண்ணோக்கியின் கீழே சில்லு பார்க்கிறவள்.
ஆயிரத்துக்கு இருபத்தேழு கழியும்.
எது கழியும் என்று யாருக்கும் தெரியாது,
எத்தனை கழியும் என்று
முதலாளிக்குப் போன மாதமே தெரியும்.

கணக்கு பூன் கியாட் பெயரில்.
என் அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பியபோது
ஏற்க முடியாத ஆவணம் என்றது,
வெளிச்சத்தில் பிடித்தாலும், ஜன்னலோரம் பிடித்தாலும்.
சிவப்பு அட்டை.
இந்தத் தீவில் பிறந்து, இந்தத் தீவில் பள்ளிக்குப் போய்,
பிறப்பைப் பதிய வேண்டிய வாரத்தில்
அப்பா வேறெங்கோ இருந்ததால் சிவப்பு.

எட்டு நாற்பது: எழுபத்தொன்று.
ஒன்பது ஐந்து: எண்பத்தெட்டு.
வித்துரு வேணி, என்றான்.
அவன் தன் பங்கை விற்றுவிட்டு
முட்டை ரொட்டி இன்னொன்று சொன்னான்.
நான் விற்கவில்லை.
ஏன் என்று இன்றுவரை கேட்கிறான்.
யாராவது ஒருத்தி ஜெயிக்கிற வரைக்கும்
கூடவே நிற்க நான் ஆசைப்பட்டிருக்கலாம்.

பிறகு ஏரிக்கரை மாவட்டங்கள் வந்தன.
நாற்பது.
கோப்பியில் ஆடை படிவதற்குள் பன்னிரண்டு.
மூன்று.
முந்நூற்றுப் பத்து டாலர்;
வெள்ளியில் மாற்றிச் சொன்னால் வயிற்றைப் பிசையும்.

விலை பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல்.
அறுபத்திரண்டு என்றாலே
பாக்கி முப்பத்தெட்டும் உயிரோடுதான் இருக்கிறது.
அதில் ஒரு காலை இது.
ரொட்டிக்குக் காசு அவன் கொடுத்தான்.

இப்போது எங்கள் அடுக்குமாடியில் இடைத்தேர்தல்.
நேற்று மாலை மூன்று பையன்கள் கதவைத் தட்டினார்கள்,
ஒரே நிறச் சட்டை, கையில் பட்டியல்.
அக்கா, வீட்டில் எத்தனை ஓட்டு?
இல்லை என்றேன்.
பெரியவன் பட்டியலில் எதையோ அடித்தான்.
சின்னவன் மட்டும், பரவாயில்லை அக்கா,
என்று துண்டறிக்கையை நீட்டினான்.

இதற்கெல்லாம் எந்தச் சந்தையும் விலை போடாது.
ஆனால் எனக்குத் தெரியும்:
லிப்ட் பழுதாகி ஐந்து வாரம்;
ஒன்பதாம் மாடிக்காரர்கள் கொடி கட்டவில்லை;
மீன்காரம்மா இந்த முறை யாரையும் திட்டாமல் சும்மா இருக்கிறாள்,
அது மோசமான அறிகுறி.
துண்டறிக்கையின் பின்பக்கம்
ஐம்பத்து நாலு என்று எழுதி
குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
வாங்க ஆள் இல்லை, விற்கவும் இல்லை.

சனிக்கிழமை ஓட்டு.
லைனில் பாதிப் பேர் லீவு கேட்டிருக்கிறார்கள்.
அவர்கள் இடத்துக்கு நான் போகிறேன்,
இரட்டைச் சம்பளம்.