வரும்போதுதான் காசு

ஆன்சன் சாலைப் பதிவிலாகாவில்
என் எண் 2087.
கையில் தாத்தாவின் சிவப்பு அட்டை.
இறந்தவரின் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.
அதற்கும் ஒரு வரிசை.

பெயர்: மசிலாமோனி, தகப்பன் பெயர் கட்டன்.
மாசிலாமணி, காத்தான் மகன் என்று
நிறுத்தி நிறுத்திச் சொல்லியும்
அந்தக் காலத்துக் கிராணி ஒருவன் காதில் விழவில்லை.
கடைசிவரை திருத்தவே இல்லை தாத்தா.
"அவன் வேற ஆளு.
அவனுக்குத்தான் சிவப்பு" என்பார்.

ரஜூலா கப்பலில் ஏறியபோது வயது பதினேழு.
ஏழு நாள் கடல்.
அதைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்:
"பக்கத்துல படுத்திருந்தவன் எம்மேல வாந்தி எடுத்துட்டான்.
எறங்கினதும் புதுச் சட்டை வாங்கித் தர்றேன்னான்.
இன்னும் தரல."

அதன்பின் முப்பத்தோரு வருடம்
ஃபெர்ரியில் கயிறு வீசினார்.
பட்டர்வொர்த், தீவு,
பட்டர்வொர்த், தீவு.
ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் கணக்குப் போட்டேன்.
ஒரு நாளைக்கு இருபது நடை, மூன்று மூன்று கிலோமீட்டராக,
நிலாவுக்குப் போய்
பாதி வழி திரும்பியிருந்தார்.
தாளை வாங்கிப் பார்த்துக் கேட்டார்:
"பாதியிலயா விட்ட?
ஓவர்டைம் சேர்த்தியா?"

நீல அட்டைக்கு நான்கு முறை எழுதினார்.
நான்கு முறையும் பதில் வந்தது,
'டுக்காச்சித்தா' என்று தொடங்கி.
கடிதத்தை என் அம்மாவிடம் நீட்டி
அந்த ஒரு சொல்லின்மேல் விரல் வைத்தார்.
"துக்கம்னு எழுதியிருக்கான் பாரு.
பாவம், அவனுக்கே மனசு வரல."

தேர்தல் நாளில் எல்லோருக்கும் முன்னால் குளித்துவிடுவார்.
பெட்டி போட்ட சட்டை, கோடாலித் தைலம் மணக்க
எங்களோடு பள்ளிக்கூடம்வரை நடந்து வந்து
வேலிக்கு வெளியே நிற்பார்.
திரும்பி வருகிறவர்களின் விரலைப் பார்ப்பார்
மீன் வாங்குகிறவர் செவுளைப் பார்ப்பதுபோல.
மையிட ஆரம்பித்த வருடம்
வீட்டுக்கு வந்ததும் என் பேனாவைக் கேட்டார்.
இடது ஆள்காட்டி விரல் நுனியில்
நிதானமாக, நகம் மறையும்வரை
நீலம் தீட்டிக்கொண்டார்.
நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
இரண்டு நாள் அந்த விரல் படாமல்
சோற்றுத் தட்டைக் கழுவினார்.

இன்றைக்கு நினைத்தாலும்
அந்தச் சிரிப்பு எனக்குக் கூசுகிறது.

பொது மருத்துவமனையில், கடைசி வாரம்,
போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி
கட்டிலுக்கு வெளியே எறிந்துகொண்டே இருந்தார்.
வலிப்பு என்றாள் தாதி.
எதிர்க் கட்டில் சீனப் பெரியவர்
ஒவ்வொரு முறையும் எழுந்து
எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

2087.

கவுண்டரில் சின்னப் பெண். தலைத்துணியில் குண்டூசி.
அட்டையின் மூலையைக் கத்தரித்தாள்.
கேக்கை வெட்டுவதுபோல் மெதுவாகத்தான் வெட்டினாள்.
விழுந்த சிவப்பு முக்கோணத்தைக் கேட்கலாமா என்று நினைத்து
கேட்கவில்லை.
"எந்த ஊர் இவருக்கு?"
படிவத்தில் இருப்பதைத்தான் கேட்டாள்.
எனக்கு அந்த ஊரின் பெயர்
சட்டென்று வாயில் வரவில்லை.
"ஃபெர்ரி" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்கு மூன்று வாரம் முந்தி
சாம்பலை மைலோ டின்னில் வைத்து
துணிப்பைக்குள் மறைத்து ஏறியிருந்தேன்.
தீவுக்கு வரத்தான் காசு,
தீவை விட்டுப் போகக் காசில்லை.
அவர் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.
எங்கள் இரண்டு பேரையும்
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நடுக்கடலில் மூடியைத் திறந்தேன்.
சட்டப்படி கூடாது.
கயிறு போடுகிற பையன் பார்த்தான்.
பார்த்துவிட்டு, பிறைப் பக்கம் கப்பல்களை எண்ணுவதுபோல்
திரும்பி நின்றுகொண்டான்.
காற்று கொஞ்சம் என் சட்டைமேலும் போட்டது.

பட்டர்வொர்த்தில் இறங்கி
ஒரு தே தாரேக் குடித்துவிட்டு
அடுத்த ஃபெர்ரிக்கு வரிசையில் நின்றேன்.
டின் காலி. பை லேசு.
சில்லறை போட்டேன்.

ஓர் ஆளுக்குத்தான்.