இடது காது

மூணு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டி
இடுப்பில் கொசுவத்தி புகைய
வலது காதைக் காட்டுப்பன்றிக்கு விட்டுவிடுவேன்.
இடது காதில் ஆர்ச்சி வெல்மன்.

சுருளோட்டுக்கு மேலே தாசையன் முதலாளியின் தோட்டம்,
முந்நூற்றிருபது ரப்பர் மரம்.
லிபின் தம்மாமுக்குப் போகையில்
வாங்கின கடனுக்கு ஒரு ஹார்ட் டிஸ்கை நீட்டினான்.
"எண்ணூறு ரூவாய்க்கு இது காணும்லே மக்கா."
உள்ளே நாற்பத்தோரு ஃபோல்டர்.
நாற்பத்தோரு ஆல்பம், ஒரே மனுஷன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று,
மார்த்தாண்டத்தில் காலேஜ் டே என்றால்
எல்லாப் பயல்களும் வாசிக்கும் அந்த லாரிப் பாட்டு.
அதோடு நிறுத்தியிருப்பார் என்று நினைத்திருந்தேன்,
ஒரு வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தவன்
அங்கே கிணறு கிடக்கும் என்று யோசிக்காத மாதிரி.

கம்ப்யூட்டர் புதியதை மேலே வைத்திருந்தது,
அப்படியே போனில் ஏற்றினேன்.
அதனால் முதலில் கிழவர்தான் கிடைத்தார்.
எழுபத்தைந்து வயது. வரிக்கு நடுவில் மூச்சு வாங்குகிறார்,
முழங்கால் வலியைப் பற்றி ஏழு நிமிஷம் பாடுகிறார்,
கிட்டார் மட்டும் இன்னும் ஆளைக் கடிக்கிறது.

மரத்துக்கு மரம் வயது குறைந்தது.
பேரன் இருந்தான், பிறகு பிறக்கவே இல்லை.
விவாகரத்து முடிந்து கல்யாணம் நடந்தது.
குடியை விட்டார், அடுத்த வாரம் குடித்தார்.
முப்பதாவதில் பெர்சி என்ற டிரம்மருக்கு ஒப்பாரி,
டிரம்ஸே இல்லாமல்.
கத்தி கையில் இருக்க நின்றுவிட்டேன்,
சிரட்டைக்கு வெளியே ஒழுகியது பால்.

மறுநாள் இருபத்தொன்பது.
முதல் அடியே பெர்சி!
செத்தவன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து
ஒன், டூ, த்ரீ என்று எண்ணுகிறான்.
ஈஸ்டர் ஆராதனையில்கூட எனக்கு
இப்படி மேல் கூசியதில்லை.

எல்லாம் நல்ல பாட்டு என்று சொல்லமாட்டேன்.
பதினாறு முதல் பன்னிரண்டு வரை, எண்பதுகளாம்,
பிளாஸ்டிக் வாளியைத் தட்டுகிற மெஷின்,
பெர்சியை எந்த மூலையில் உட்கார வைத்தார்களோ.
பட்டை காய்ந்த மரத்திலும் முறை தப்பாமல் கீறுவதுபோல்
விடாமல் கேட்டேன்.
"பால் இல்லாத மரத்த என்னத்துக்குடே வெட்டுத?"
முதலாளி ஏசுவார்.
ஒரு சொட்டு வந்தது,
பதினான்கில், கடைசிப் பாட்டு,
மனைவிக்குத் தெரியாமல் அடகு வைத்த கிட்டாருக்கு.

இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும்.
மழை என்றால் புரியும், வாடகை என்றால்
நன்றாகவே புரியும்.

ஒன்றாவது ஃபோல்டர், அறுபத்தொன்பதாம் வருஷம்.
பத்தொன்பது வயசுப் பையன், கீறல் விழாத தொண்டை.
பெர்சி இல்லை.
இன்னும் சந்தித்திருக்கமாட்டார்கள்.
யார் வரப்போகிறான் என்று தெரியாமல் பாடுகிறான் பாவம்.
எனக்குத் தெரியும்,
சொல்ல வழியில்லை.

அப்புறம் இடவப்பாதி பிடித்துக்கொண்டது.
வெட்டு கிடையாது. நாலு நாள் வீட்டில்.
பன்றி வராத கட்டிலில் மல்லாந்து படுத்து
முதல் தடவையாக இரண்டு காதிலும் செருகி
ஒன்றாவதைப் போட்டேன்.

வலது பக்கத்தில் பெர்சி.
முழுக்க முழுக்க வலது பக்கத்தில்,
அந்தக் காலத்தில் அப்படிப் பிரித்துத்தான் வைப்பார்களாம்,
பயந்து பயந்து,
யாரோ தூங்குகிற வீட்டில் தட்டுகிறவன் மாதிரி.
முதல் பாட்டிலிருந்தே இருந்திருக்கிறான்.

சோறு ஆறுகிறதென்று ஷைஜி கத்தியிருக்கிறாள்,
எனக்குக் கேட்கவில்லை.
நாற்பத்தொன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.
லிபினுக்கு ஒரு முந்நூறு ரூபாயாவது
அனுப்ப வேண்டும்.