உருப்படி பதினான்கு

நாடாவின் ஒரு முனையை எமரன்சியா பிடித்தா,
கச்சான் சுருள் மடித்த கையோடு.
மறுமுனையோடு நான் நடந்தேன்,
தகரக் கேற்றிலிருந்து கடற்பக்க மதில் வரை.
அறுபத்திரண்டு மீற்றர், சொச்சம்.
சொச்சத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

குருநகரில் இது ஒரு பூங்கா என்று
மாநகர சபைப் பதிவேடு சொல்கிறது.
பூ இல்லை. கா என்று சொல்ல
ஒரு வாகை, இரண்டு பூவரசு.
ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. சங்கிலி எங்கோ
ஒரு வள்ளத்தை நங்கூரத்தோடு பிடித்திருக்கிறது.
கோபம் வரவில்லை. நல்ல சங்கிலி அது.

எழுதினேன்:
சறுக்குமரம். ஆறு வாங்கு. சூரிய விளக்கு நான்கு.
கிணறு உவர், ஆகவே கன்றுகளுக்குக்
கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் தண்ணீர்.
நிழலை எப்படி அளப்பதென்று தெரியாமல்
வாகையின் கீழ் பத்து மணிக்கு ஒருக்கால்,
மூன்று மணிக்கு ஒருக்கால்
சுண்ணாம்பால் கோடு போட்டேன்.
இரண்டு கோடும் ஒன்றையொன்று மூடின இடத்தில்
ஒரு வாங்கு வைக்கலாம்.
அந்த இடத்துக்கு விலைப்பட்டியலில் இலக்கம் இல்லை.

உருப்படி பதினான்கு: பெண்களுக்கான கழிப்பறை.

மொத்தம் நாற்பத்தேழு இலட்சம்.
கணக்காளர் சந்திரமௌலீசன் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்து, மறுபடி போட்டு,
தொகை குறைந்திருக்கிறதா என்று பார்த்தார்.
"பத்து தரலாம், தங்கச்சி.
அதுவும் மார்கழிக்குள்ள முடிச்சால்."
சிவப்புப் பேனை மேலிருந்து இறங்கியது.
ஆறு வாங்கு இரண்டாயிற்று, நான்கு விளக்கு ஒன்று.
பதினான்கில் அது நின்று யோசிக்கவே இல்லை.

மக்கள் கருத்துக் கேட்க
எழுபது கதிரை வாடகைக்கு எடுத்தோம்.
வந்தது ஒன்பது பேர். ஒருவர் கதிரைக்காரர்.
வட்டார உறுப்பினர் எழும்பி நல்ல செய்தி சொன்னார்:
ஸ்காபரோவிலிருந்து ஒருவர்
பதினெட்டு இலட்சம் தருகிறாராம்,
தாயின் பெயரில் வளைவு கட்ட.
வளைவு மட்டும்.
அன்னப்பிள்ளை ஞாபகார்த்த நுழைவாயில்.
கை தட்டினார்கள். தகரக் கேற்றும் காற்றில் தட்டியது.

எமரன்சியா எழும்பவில்லை.
இருந்த இடத்திலிருந்தே கேட்டா:
"அந்த அன்னப்பிள்ளை அம்மா
வெளியில வெளிக்கிட்டால், எங்க போறவ?"

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

"பதினொரு வரிசம் இந்தக் கேற்றடியில இருக்கிறன்.
காலமை ஒரு மிடறு தேத்தண்ணி.
பொழுதுபடும் மட்டும் வேற ஒண்டுமில்லை.
தாகத்தைத் தாங்கலாம், பிள்ளை.
மற்றதைத் தாங்க ஏலாது."

என் பைக்குள் போத்தல் நிறைந்திருந்தது.
அளவெடுக்கப் போகும் நாட்களில்
நானும் அதன் மூடியைத் திறப்பதில்லை.
என்னுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவு வளைவை வரைந்தேன்.
இடத்தூண் வழமைபோல்.
வலத்தூண் ஏழடி அகலம், உள்ளே வெற்று.
காற்றுப் போக, மேலே இரண்டு வரி பூக்கல்.
உச்சியில் தண்ணீர்த் தாங்கி,
ரோட்டிலிருந்து பார்த்தால் அலங்காரம்.
பட்டியலில் எழுதினேன்:
தூண், உட்குழிவானது, கதவுடன். ஒன்று.

வட்ஸ்அப்பில் படம் போயிற்று.
இரண்டு நாள் நீலக் கோடுகள் மட்டும்.
மூன்றாம் நாள் அழைத்தார், அங்கே நடுச்சாமம்,
பின்னால் பனி அள்ளும் வண்டியின் இரைச்சல்.
வெகுநேரம் கதைக்கவில்லை.
நான் மனதுக்குள்
பதினெட்டைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, கதவு எந்தப் பக்கம்?"

"ரோட்டுப் பக்கம், ஐயா. வெளிச்சத்துக்கு."

"மாத்துங்கோ. மதில் பக்கமா வையுங்கோ.
அம்மா கூச்சக்காரி."

அழிறப்பரை எடுத்தேன்.
இருந்த ஒரே விளக்கை
மதில் பக்கம் நகர்த்தினேன்.
ஊஞ்சலுக்கு இன்னும் சங்கிலி இல்லை.