கால்

ஒரு தப்புக்குக் கால் போகும் என்று
விதிமுறைத் தாளிலேயே போட்டிருந்தது.
கால் மதிப்பெண்.
படித்துவிட்டுச் சிரித்தோம் நானும் ஃபௌசியாவும்,
தேர்வு மையத்து வாசலில்
தண்ணீர் பாட்டிலின் லேபிளைச் சுரண்டிக்கொண்டே.
லேபிளோடு உள்ளே விடமாட்டார்களாம்.

எனக்கு முப்பத்தாறு தப்பு.
முப்பத்தாறு கால் வைத்த மரவட்டை ஒன்று
என் மதிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு
நாகரபாவிக்கு எதிர்த் திசையில்
நிதானமாக நடந்துபோனது.

நாலு மதிப்பெண்ணில் போயிற்று.
அப்பா கரண்ட் பில்லின் முதுகில் கணக்குப் போட்டார்.
பதினாறு கேள்வியை
நீ தொடாமல் விட்டிருந்தாலே போதும், ஸ்டெஃபி.
திட்டவில்லை.
பென்சிலைக் காதில் செருகினார்,
டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு
டெப்போவுக்குக் கிளம்பிவிட்டார்.
பென்சில் காதிலேயே இருக்கிறது என்று
சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பதினாறு எது எது?
பேன் சத்தத்தில் படுத்துத் தேடினேன்.
ஒப்பந்தச் சட்டத்தில் மூன்று.
யாரோ ஒரு நீதிபதி எந்த ஆண்டில் என்று ஒன்று.
ஆற்றில் எதிர்நீச்சல் போடும் படகு ஒன்று,
அதன் வேகம் எனக்கு எப்படித் தெரியும்?
தெரியாது.
ஆனாலும் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினேன்,
அழுத்தி, கோட்டுக்கு வெளியே வராமல்.

தெரியாது என்று சொல்லி வளரவில்லை நான்.
மோட்டாரை யார் நிறுத்தியது என்று
வீட்டுக்காரர் கேட்டால்,
ரேஷன் கடையில் எத்தனை பேர் என்று அம்மா கேட்டால்,
பதில் இருக்க வேண்டும் வாயில்.
லிங்கராஜபுரத்துப் பள்ளியில்
பாதி வார்த்தை புரியாத கன்னட வகுப்பில்
மீதிப் பாதியை ஊகித்து ஊகித்தே
பத்து வருடம் பாஸானவள்.
கூட இருந்த ஒரே திறமை அது.
அதற்குத்தான் கால் கால்களாக அபராதம்.

ஃபௌசியாவுக்குக் கிடைத்துவிட்டது.
இரண்டு நாள் என்னிடம் மறைத்தாள்.
கிடைத்ததற்கு எனக்குக் கோபமில்லை.
அந்த இரண்டு நாளுக்குத்தான்
இரண்டு வாரம் பேசாமலிருந்தேன்.

கோலாரிலிருந்து சித்தி போன் செய்தாள்.
எல்லாம் நல்லதுக்குத்தான் என்றாள்.
எது நல்லது என்று கேட்டேன்.
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

ஜூன் மாதம்
காக்ஸ் டவுன் ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன்.
சாதிச் சான்றிதழ், டி.சி., ரேங்க் கார்டு
எல்லாம் கண்ணாடியில் குப்புறப் படுக்கும்.
பச்சை வெளிச்சம் ஒன்று
தலையிலிருந்து கால்வரை தடவிப் போகும்.
முதல் வாரம் ரேங்க் கார்டுகளைப் படித்தேன்.
பிறகு தாள் கோணலாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.
எப்போது மாறினேன் என்று கவனிக்கவில்லை.

நேற்று மழைக்கு ஒதுங்கினார்
பூக்கூடையோடு ஒரு பெரியவர்.
ஏதோ விண்ணப்பம், பாலிதீன் பையில் சுருட்டி.
ஒரு கட்டத்தில் விரல் வைத்து
வருட வருமானம் எவ்வளவு போடணும்மா என்றார் கன்னடத்தில்.
வாய் திறந்துவிட்டேன்.
நாற்பதாயிரம் என்று ஒரு எண்
நாக்கு நுனிக்கு வந்து நின்றது,
எங்கிருந்தோ, வழக்கம்போல.

கொத்தில்ல, என்றேன்.

தெரியாது என்பது
கன்னடத்தில்தான் முதலில் வந்தது எனக்கு.
அவர் கோபிக்கவில்லை.
சரி, ஆபீஸில் கேட்டுக்கிறேன் என்று
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டார்.
பிரதியிலும் அது வெள்ளையாகவே வந்தது,
சுற்றிலும் எழுத்து நெருக்க,
நடுவில் ஒரு சின்ன முற்றம் மாதிரி.

அடுத்த வருஷம் எழுதுவியா என்று
ஃபௌசியா செய்தி அனுப்பியிருக்கிறாள்.
இன்னும் பதில் போடவில்லை.
எனக்குத் தெரிந்த ஒரே பதிலை
அவளிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பெரியவருக்கு மூன்று பிரதி, ஆறு ரூபாய்.
சில்லறை இல்லை என்று
ஒரு முழம் கனகாம்பரம் வைத்துவிட்டுப் போனார்.
மெஷின் மேல் அது வாடிக்கொண்டிருந்தது,
கீழே சூடாக இருந்ததால்.
எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.