சுழி வைத்தல்

உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி.
மூடியைத் திறந்தால் ஒரு குழி,
குழிக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி நிற்க இடம்.
இந்தப் பக்கம் பச்சை விளக்கு,
அந்தப் பக்கம் இமைக்காத கண்.
அதற்கு வேறு உலகம் கிடையாது.

ஸ்வாய் ஏரிக்குத் தெற்கே
நான்கு கிணறு, ஒரு பள்ளிக்கூடம், மூன்று நாள்.
மெகர்சா வண்டி ஓட்டினான்.
நான் குப்பிகளைத் துடைத்தேன்.
விரல்ரேகை ஒட்டியிருந்தால்
அதையும் தண்ணீரின் குணம் என்றே படித்துவிடும்.

பத்து மில்லி தண்ணீர், இரண்டு மில்லி சிவப்பு மருந்து.
ஃப்ளூரைடு இருந்தால் சிவப்பு வெளுக்கும்.
வெளுக்க வெளுக்கக் கேடு.
ஆனால் முதலில்
பெட்டிக்குச் சுழி வைக்க வேண்டும்:
காய்ச்சி வடித்த நீரில் அதே சிவப்பை ஊற்றி
மூடி, பொத்தானை அழுத்தி,
'இதுதான் ஒன்றுமில்லாதது, பார்த்துக்கொள்' என்று
காட்ட வேண்டும்.
நம்பிவிடும்.
எதைக் காட்டினாலும் நம்பிவிடும்.

முதல் ஊரில் சைபர் புள்ளி சைபர்.
ஷூமே குலவையிட்டாள்.
கழுதைமேல் குடம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்
அப்படியே நின்று கைதட்டினார்கள்.
"அப்படியென்றால் இது?" என்று
மகள் ஒப்சேயின் உதட்டை விலக்கிக் காட்டினாள்.
மழையில் கிடந்த பலகைபோல் வரிவரியாய்ப் பழுப்பு.
"பழைய கிணற்றின் வேலை" என்றேன்.
பழைய கிணறு ஏது என்று
அவளும் கேட்கவில்லை,
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஊரில் புள்ளி மூன்று.
அடுத்ததில் புள்ளி ஒன்று. அடுத்ததில் புள்ளி இரண்டு.
நல்ல செய்தியை வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு
புழுதியில் போனோம்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில்
தகரக் கூரையிலிருந்து வழிந்த மழை,
சிமென்ட் தொட்டியில்.
சும்மா, பட்டியலை முடிக்க.
குப்பியின் கோட்டைப் பெட்டியின் கோட்டோடு சேர்த்து
மூடினேன், அழுத்தினேன்.

மைனஸ்.

துடைத்தேன். திரும்ப மைனஸ்.
வேறு குப்பி. வேறு பேட்டரி.
வெயில் புகுந்திருக்குமோ என்று சால்வையால் மூடி,
பெட்டியோடு நானும் இருட்டுக்குள் குனிந்து பார்த்தேன்.
எண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
மழை, சுழிக்கும் கீழே.
ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக
ஒரு தொட்டியில் என்ன இருக்க முடியும்?

"மெகர்சா, அந்த வெள்ளைக் கேன்..."

"அதுவா? முதல் ஊருக்குப் போகும் வழியில்
வண்டி பேட்டரி வறண்டுவிட்டது.
கேனிலிருந்து ஊற்றினேன், பாதி போய்விட்டது.
உனக்குக் குறையக் கூடாதே என்று
நீ படிவம் எழுதும்போது
அங்கேயே குழாயில் நிரப்பிவிட்டேன்."
கொஞ்சம் பெருமையோடு சேர்த்தான்:
"துணியில் வடிகட்டித்தான்."

திட்ட வாய் வரவில்லை.
என் வாயும் அந்தக் குழாய் வளர்த்ததைப் போன்ற
ஒரு வாய்தானே.
அடாமாவில் கல்லூரி சேரும்வரை
பல் வெள்ளை என்று எனக்குத் தெரியாது.
ஊரில் எல்லோருக்கும் ஒரே பழுப்பு,
அதனால் அது நிறமே இல்லை.
விடுதியில் ஒருத்தி
"புகையிலை போடுவியா?" என்று கேட்டாள்.
அன்றிலிருந்து உதட்டை மூடித்தான் சிரிக்கிறேன்.

கேனைக் கவிழ்த்தேன்.
மண் சட்டென்று குடித்துக்கொண்டது.
மழைநீரால் மூன்று முறை அலசி
மழையையே நிரப்பினேன்.
முறைப்படி அது சுழி அல்ல, தெரியும்.
கையில் இருந்ததில் அதுதான் பக்கத்தில்.

வண்டியைத் திருப்பினோம்.
மெகர்சா வானொலியை அணைத்தான்.

எங்களைப் பார்த்ததும் ஷூமே
பாயை உதறி விரித்தாள்.
வறுத்த கொட்டையின் புகையை
என் முகத்தருகே கொண்டுவந்து காட்டினாள்.
நல்ல தண்ணீர் என்று நானே சொன்ன தண்ணீரில்
காபி கொதித்தது.
ஒப்சே, பல் தெரிய,
கிண்ணத்தை இரு கைகளால் நீட்டினாள்.

குடித்தேன்.
பிறகு பெட்டியைத் திறந்தேன்.